விலாச் சீப்பில் முதல் எலும்பு எது?

கூறாம்பட்டியில் முட்டாள்கள் கிடையாது. உள்ளூரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து போகும்போது மட்டும் வேறு மாதிரி ஒரு பேச்சு கிளம்பும். அவர்கள் பஸ் ஏறியதும் அடங்கிவிடும்.

அந்த ஊரில் எந்தக் காரியத்தையும் ஒருவன் தன் பாட்டுக்குச் செய்துவிட முடியாது. எல்லாவற்றுக்கும் உரிமை உண்டு. விருந்து என்றால் அடுப்புப் பற்றவைக்கும் உரிமை தவசியாண்டி வீட்டுக்கு. உப்புப் போடும் உரிமை சொக்கையா வீட்டுக்கு. கறியில் கத்தி வைக்கும் உரிமை வடமலை வீட்டுக்கு. யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று கேட்டால், "அதெல்லாம் அப்பவே குடுத்தாச்சு" என்பார்கள். நாலாவது பெரிய வீடு மாயழகுடையது. மற்ற மூன்று வீட்டாரும் சொல்வதற்குத் தலையாட்டும் உரிமை அவனுக்கு. அதை அவன் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

மாயழகுக்கு ஒரே மகள், பூங்கோதை. தாய் இல்லாத பெண். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்தன.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். பேச்செல்லாம் முடிந்தபிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் வீட்டில் சாப்பிட வேண்டும். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் முறிந்தது. முதல் தடவை வந்தவர்கள், இலை போடும் உரிமை யாருக்கு என்ற விவாதம் முடியும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் தடவை எல்லாம் பரிமாறியாயிற்று, உப்பு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "உப்பு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கு, வந்துரும்" என்றார்கள். சந்தைக்குப் போயிருந்தது சொக்கையா. அவன் திரும்பி வந்தபோது விருந்தாளிகள் இல்லை.

இப்போது வந்திருப்பது மூன்றாவது. மாப்பிள்ளை அமுதவாணன் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல்காரன். பூங்கோதைக்கும் அவனுக்கும் போனில் பேசிப் பேசி ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. அவனுடைய அப்பா சங்கிலிமுத்து மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: மகன் ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்குப் போடுகிறானாமே, ஆட்டு விலாவை வெட்டாமல் முழுசாக வாட்டி, அதைப் பெண் வீட்டில் செய்து போட்டால் கை நனைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. பூங்கோதைக்குக் காலை டியூட்டி, லீவு கிடைக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அப்பாவுக்குச் சொன்னாள்.

"அப்பா, நல்லாக் கேளு. இளங்குட்டிக் கறியாப் பாத்து வாங்கு. ரெண்டு பக்கத்து விலாவும் வேணும். துண்டு போடச் சொல்லாதே, வாழைப்பழச் சீப்பு மாதிரி ஒண்ணா இருக்கணும். கொழுப்பு வெள்ளையா இருக்கணும், மஞ்சளா இருந்தா கிழடு. எலும்பு நுனியில ஒட்டியிருக்கிற சவ்வையெல்லாம் சுரண்டி எடுத்து, பல்லு மாதிரி பளிச்சுனு ஆக்கு. உப்பு, மிளகு, பூண்டு, நல்லெண்ணெய். அவ்வளவுதான் மசாலா. எலும்பு கருகாம இருக்க நுனியில ஈரத்துணி சுத்திரு. சட்டியில நல்லாச் சிவந்ததும் மூடி, மூடி மேல தணல் அள்ளிப் போடு. இறக்கினதும் வெட்டக் கூடாது. கொஞ்ச நேரம் யாரும் தொடாம சும்மா கிடக்கட்டும், அப்பத்தான் சாறு உள்ளேயே நிக்கும். வெட்டுறதுக்கு நான் வந்துருவேன்."

"சரிம்மா."

"முக்கியமா, யாரையும் கூப்பிடாதே."

"கூப்பிடலைம்மா."

"இந்தத் தடவையும் அவங்க கை நனைக்காமப் போனாங்கன்னு வையி, நான் மதுரையில வேலை வாங்கிட்டு ஹாஸ்டல்ல போய்ப் படுத்துக்குவேன். பொங்கலுக்குக்கூட இந்த ஊர்ப்பக்கம் எட்டிப் பாக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்கிற பெண் அவள். கூறாம்பட்டியில் அது ஒரு குறையாகவே கருதப்பட்டது.

அவனும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். யாரையும் கூப்பிடவில்லை. மூன்று வீட்டுக்கும் நேரில் போய், "இன்னைக்கு விருந்துக்கு உங்களைக் கூப்பிடலை, கோவிச்சுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். அவன் வீடு திரும்புவதற்குள் மூன்று பேரும் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கூப்பிடாதது உன் மரியாதை" என்றார் தவசியாண்டி. மூவரில் மூத்தவர், மாயழகுக்கு அண்ணன் முறை. "கூப்பிடாமலே வந்தது எங்க பெருந்தன்மை."

"மச்சான் வீட்டு விசேஷத்துல உப்பு இல்லைன்னு இன்னொரு தடவை பேர் வரக் கூடாது பாரு" என்றான் சொக்கையா, மாயழகின் மனைவியோடு பிறந்தவன். மடியில் உப்புப் பொட்டலம் தயாராக இருந்தது.

வடமலை கத்தியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். மாயழகைவிட வயதில் இளையவன், முறையில் சித்தப்பா. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு கனத்தைக் கூட்டி வைத்திருந்தான்.

நால்வரும் கறிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ராவுத்தர் தொங்கிக்கொண்டிருந்த ஆட்டைக் காட்டி, "இளங்குட்டிதாண்ணே" என்றார்.

"நீங்க சொன்னா ஆச்சா? அத்தாட்சி என்ன?" என்றார் தவசியாண்டி.

"ஆட்டுக்குப் பல்லைப் பாத்தா வயசு தெரியாதா? இது பால்பல்லு விழாத குட்டி."

"அப்ப பல்லைக் காட்டுங்க."

"தலை வித்துப்போச்சு. இப்பத்தான் வாத்தியார் வீட்டுல வாங்கிட்டுப் போனாங்க."

நால்வரும் வாத்தியார் வீட்டுக்குப் போனார்கள். அங்கே தலை இரண்டு பாதியாகச் சூப்புச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. வாத்தியார் மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தபோது, வடமலை இடுக்கியால் ஒரு பாதியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்திருந்தான். தவசியாண்டி குனிந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பால்பல்லுதான்."

"ரெண்டு பாதியும் ஒரே ஆட்டுதுதானா?" என்றான் சொக்கையா. இன்னொரு பாதியையும் எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டியது.

"என்னய்யா பண்றீங்க என் அடுப்படியில?" என்றாள் வாத்தியார் மனைவி.

"வயசு விசாரிக்க வந்தோம்மா, முடிஞ்சுது" என்றான் மாயழகு.

முடியவில்லை. கொதிக்கிற சட்டியைக் கண்டதும் சொக்கையாவின் கை தானாக மடிக்குப் போனது. ஏற்கெனவே உப்புப் போட்டிருந்த சூப்பில் அவன் தன் வீட்டு உரிமையை ஒரு கை அள்ளிப் போட்டான். அதன்பிறகு நால்வரும் அங்கிருந்து சற்று வேகமாகவே கிளம்ப வேண்டியிருந்தது. கரண்டி தவசியாண்டியின் முதுகில் பட்டது. மூத்தவர் என்ற முறையில் முதல் அடி தமக்கே விழுந்ததில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்து கொழுப்பின் வெள்ளை. எதோடு வைத்துப் பார்ப்பது? வடமலை தன் வேட்டித் தலைப்பைக் கொடுத்தான். அந்த வேட்டியின் பக்கத்தில் வைத்தால் சாணிகூட ஒரு மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். கொழுப்பு தேர்வாகிவிட்டது. ராவுத்தர் இரண்டு விலாச் சீப்பையும் இலையில் கட்டிக் கொடுத்து, கும்பிட்டு அனுப்பினார். ஆடு இளசாக அமைந்தது அதிர்ஷ்டம். இவர்களுடைய ஆராய்ச்சிக்கு அதில் பங்கில்லை.

வீட்டுக்கு வந்ததும் எலும்பைச் சுரண்டும் வேலை. வடமலையின் கத்தி அவன் முப்பாட்டன் காலத்தது. அதைச் சாணை பிடிப்பதில்லை. பிடித்தால் தேயும், கத்தி தேய்ந்தால் உரிமையும் தேயும் என்பது அவன் கட்சி. அதனால் அது வெட்டாது. ஆனால் சுரண்டும். சவ்வெல்லாம் உரிந்து வந்தது.

"பல்லு மாதிரி பளிச்சுனு இருக்கணும்னு சொன்னா" என்று நினைவுபடுத்தினான் மாயழகு.

மூவரும் எலும்பைப் பார்த்தார்கள். பளிச்சென்று இல்லை.

"பல்லு எப்படிப் பளிச்சுனு ஆகுது?" என்று கேட்டார் தவசியாண்டி. அவர் ஒரு விஷயத்தை வேரிலிருந்து தொடங்குகிறவர்.

"விளக்கினா ஆகும்."

"அப்ப பல்லுக்குப் பண்றதைத்தான் இதுக்கும் பண்ணணும்."

மாயழகு தன் பிரஷையும் பேஸ்ட்டையும் கொண்டுவந்து ஒவ்வொரு எலும்பாகத் தேய்த்தான். நுரை வந்தது. எலும்பு உண்மையிலேயே பளிச்சென்று ஆனது. கறியிலும் கொஞ்சம் இறங்கியது.

"வாய் கொப்பளிக்க வைக்கணுமே?" என்றான் சொக்கையா.

"வாய் எங்கே இருக்கு? அது வாத்தியார் வீட்டுச் சட்டியிலதானே கிடக்கு."

"அப்ப விட்ரு."

உப்பைச் சொக்கையா போட்டான். சூப்புக்குக் கொடுத்தது போக மீதி கொஞ்சம்தான் இருந்ததால் அளவு சரியாக அமைந்தது. அடுத்து மிளகும் பூண்டும் எண்ணெயும். இங்கேதான் சிக்கல். மிளகு போடும் உரிமை எந்த வீட்டுக்கும் இல்லை. பூண்டுக்கும் இல்லை.

"நான் போட்டுர்றேனே, என் வீடுதானே?" என்றான் மாயழகு.

மூவரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கை சுருங்கிவிட்டது.

"இன்னைக்கு மிளகு போடுவே, நாளைக்கு உப்புல கை வைப்பே" என்றான் சொக்கையா. "எங்க அக்காவைக் கட்டிக் குடுத்தோம் மச்சான், உப்பைக் கட்டிக் குடுக்கலை."

அடுப்பு மாயழகுடையது. சட்டி அவனுடையது. ஆடும் அவன் காசில் வந்தது. அவன் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். வெயில் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க, மதுரை ஹாஸ்டலில் ஓர் இரும்புக் கட்டில் அவன் கண்ணுக்குள் வந்து வந்து போனது.

கடைசியில் வடமலை வாயைத் திறந்தான். "யாரும் போட வேணாம். மிளகு, பூண்டு, எண்ணெய் எல்லாத்தையும் தாம்பாளத்துல பரப்பி வைங்க. கறியை அது மேல உருட்டி விடுவோம். கறியே போய் எடுத்துக்கிட்டா, யாரும் போட்டதா ஆகாது."

அந்த நியாயத்தைக் கேட்டு தவசியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. கறி உருண்டு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது.

இனி ஈரத்துணி. மாயழகு பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நனைத்து, ஓர் எலும்பு நுனியில் சுற்றப் போனான்.

"நில்லு" என்றார் தவசியாண்டி.

"என்னண்ணே?"

"தலையில துணி சுத்துறியே, இதுக்கு என்ன பேரு?"

"கருகாம இருக்கறதுக்கு..."

"இது பரிவட்டம்டா. கோயில்ல பெரிய மனுஷன் தலையில சாமி துணியைக் கட்டி மரியாதை பண்றாங்களே, அதேதான். முதல் பரிவட்டம் எந்த எலும்புக்கு?"

இதுவரை நடந்ததெல்லாம் சில்லறை. கூறாம்பட்டியில் இரண்டு தேர்த்திருவிழா நின்றுபோனதே இந்தக் கேள்வியில்தான்.

"கழுத்துப்பக்கத்து எலும்புதான் முதல்" என்றார் தவசியாண்டி. "ஆடு முன்னாலதானே நடக்குது? மூத்த வீடுங்கிறதால அந்த எலும்பு எங்க வீட்டுக்கு."

"ஆட்டை ஓட்டுறவன் எங்கே நிப்பான்? பின்னால" என்றான் சொக்கையா. "அவன் கண்ணுக்கு முதல்ல தெரியறது இடுப்புப்பக்கம். அது எங்க வீட்டுக்கு."

"கடையில தலைகீழாத் தொங்குச்சு" என்றான் வடமலை. "தலைகீழாத் தொங்குறதுக்கு முன் ஏது, பின் ஏது? கத்தி எங்கே விழுதோ அதுதான் முதல். கத்தி எங்க வீட்டுது."

வாதம் வளர்ந்தது. தவசியாண்டி எழுந்து ஆட்டைப் போல் நடந்து காட்டினார். சொக்கையா அவருக்குப் பின்னால் குச்சியோடு ஓட்டிக் காட்டினான். அதில் ஓர் அடி நிஜமாகவே விழுந்துவிட, இருவருக்கும் பேச்சு முற்றியது. மாப்பிள்ளை வீட்டார் ஊரிலிருந்து பஸ் கிளம்பியிருக்கும் நேரம். அடுப்பில் இன்னும் தீயே இல்லை.

மாயழகுக்கு வாழ்க்கையில் யோசனை என்று ஒன்று வந்தது அப்போதுதான். வந்ததும் அவனுக்கே பயமாக இருந்தது.

"அண்ணே, மச்சான், சித்தப்பா... ரெண்டு சீப்பையும் வளைச்சு, முனையோட முனை சேத்துக் கட்டிட்டா?"

"கட்டிட்டா?"

"வளையம் ஆயிரும். வளையத்துக்கு முதல் ஏது, கடைசி ஏது?"

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். வளையத்தில் முதல் கண்டுபிடிக்க ஆன மட்டும் முயன்றார்கள். சொக்கையா ஒரு வளையலை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். விலாச் சீப்பு இரண்டும் வாழைநாரால் கட்டப்பட்டு, எலும்பெல்லாம் மேலே நீட்டிக்கொண்டு வளையமாக நின்றன. எல்லா எலும்புக்கும் மூவரும் ஒரே நேரத்தில், "ஒண்ணு ரெண்டு" என்று சொல்லாமல், பரிவட்டம் கட்டினார்கள்.

தவசியாண்டி அடுப்பைப் பற்றவைத்தார். அணைந்துவிட்டது.

"அண்ணே, அணைஞ்சு போச்சு."

"பத்தவைக்கிறதுதான் எங்க வீட்டு உரிமை. எரியவைக்கிறது எங்க பொறுப்பு இல்லை."

மாயழகு குனிந்து ஊதினான். ஊதும் உரிமை யாருக்கு என்று யாரும் கேட்பதற்குள் தீ பிடித்துக்கொண்டது. வளையம் சரியாமலிருக்க நடுவில் ஒரு செம்பை வைத்து, சட்டியில் இறக்கி, சிவந்ததும் மூடி, மேலே தணல் போட்டார்கள். தணலுக்கு எந்த வீட்டிலும் உரிமைக்காரர் இல்லாததால் அது தன் வேலையை யாருடைய தொந்தரவும் இல்லாமல் செய்தது. தெருக்கோடி வரை மணத்தது. அன்று அந்த வீட்டில் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

சட்டியை இறக்கிவைத்து மூடியைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் சும்மா கிடக்கட்டும் என்று பூங்கோதை சொல்லியிருந்தாள். தொடாமல் இருப்பதற்கு மூவரும் சட்டியைச் சுற்றி வாசற்படி வரை காவல் நின்றார்கள். அந்த நேரத்தில்தான் சங்கிலிமுத்துவும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள்.

"வீட்டுல யாருங்க?" என்றார் சங்கிலிமுத்து. ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட.

சொக்கையா உதட்டில் விரல் வைத்தான். "உஸ்... சத்தம் போடாதீங்க. சும்மா கிடக்கு."

"யாரு? யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

"கறிங்க."

"என்ன?"

"கறி. இறக்கி வச்சிருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க."

உச்சி வெயில். சங்கிலிமுத்து செருப்பைக் கழற்றியிருந்ததால் ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றார்.

"என்னை வெயில்ல நிக்க வச்சிட்டு ஆட்டுக்கறிக்கு நிழல் பாக்குறாங்களே, இது என்ன ஊருடா?"

"அப்பா, அதுதான் சரியான முறை" என்றான் அமுதவாணன். அவன் முகத்தில் பெருமை. "எங்க ஓட்டல்லயும் இறக்கினதும் அப்படித்தான் விடுவோம்."

"உங்க ஓட்டல்ல சாப்பிட வர்றவனையும் இப்படித்தான் வெயில்ல விடுவீங்களா?"

"அங்க ஏசிப்பா."

பஞ்சவர்ணம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வழியாகக் கறி சும்மா கிடந்து முடிந்ததாகத் தவசியாண்டி தலையசைத்தார். விருந்தாளிகளை உள்ளே விட்டார்கள். மாயழகு பாய் விரித்து, சோறும் ரசமும் பொரியலும் தானே எடுத்துவைத்தான். இலை போடும் உரிமை பற்றிய பேச்சு வந்துவிடக் கூடாதென்று, இலைகளை முன்னாடியே தரையில் கிடத்தி, அவை தாமாகவே அங்கே கிடப்பதாகச் சொல்லிவிட்டான். இரண்டு சம்பந்தத்தைக் காவு கொடுத்தவன் அந்த அளவுக்காவது தேறியிருந்தான்.

நடுவிலிருந்த செம்பு நீங்கி, தாம்பாளத்தில் வளையம் வந்தது. பொன்னிறம். எலும்பெல்லாம் மேல்நோக்கி, ஒவ்வொன்றுக்கும் தலையில் துணி. அமுதவாணன் வாய் திறந்து பார்த்தபடி இருந்தான். சங்கிலிமுத்துவுக்கும் எச்சில் ஊறியது.

"வெட்டுங்கப்பா."

யாரும் வெட்டவில்லை. வடமலை கத்தியை எடுத்தான், வளையத்தைப் பார்த்தான், கீழே வைத்துவிட்டான். கத்தி எங்கே விழுகிறதோ அது முதல் எலும்பாகிவிடும். முதல் இல்லாமல் இருக்கத்தானே வளையமே.

"பொண்ணு வரட்டும்" என்றான் மாயழகு. "இப்ப வந்துரும். டியூட்டி முடியற நேரம்தான்."

"அது வரட்டும். எனக்குப் பசி குடலைப் புடுங்குது. எனக்கு ஒண்ணு முதல்ல போடுங்க."

அந்தச் சொல் தரையில் விழுந்து உருண்டது போல இருந்தது.

"முதல்லயா?" என்றார் தவசியாண்டி. "உங்களுக்கா?"

"ஏன், எனக்கு என்ன?"

"எந்த உரிமையில கேக்குறீங்க? நாங்க மூணு தலைமுறையா இங்கயே உக்காந்து முடிவு பண்ண முடியாததை, பஸ்ஸுல வந்து எறங்கினவரு கேட்டா எப்படி?"

"வெளியூர்க்காரருக்கு நாலாவதா வேணும்னா பாக்கலாம்" என்றான் சொக்கையா.

சங்கிலிமுத்து எழுந்தார். "பஞ்சவர்ணம், எந்திரி. டேய், என் செருப்பு எங்கடா? கறிக்கு இருக்கிற மரியாதைகூட மனுஷனுக்கு இல்லாத வீட்டுல நான் கை நனைக்கிறதா?"

அமுதவாணன், "அப்பா, அப்பா" என்றான். அவர் திரும்பவில்லை.

மாயழகுக்கு, பொங்கல் அன்று வாசலில் தான் மட்டும் தனியாக நின்று பானையைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பக்கத்தில் இந்த மூவரும் உட்கார்ந்து, பொங்குவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. அவன் இதுவரை ஒரு காரியத்தையும் யாரையும் கேட்காமல் செய்தவனில்லை. இப்போது செய்தான். தாம்பாளத்திலிருந்த வளையத்தை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் நோக்கித் திரும்பிய சங்கிலிமுத்துவின் தலையில் வைத்தான்.

"முதல் மரியாதை உங்களுக்குத்தான் சம்பந்தி!"

பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. வெதுவெதுவென்று கொழுப்பும் எண்ணெயும் காதோரம் இறங்கின. சங்கிலிமுத்து அசையவில்லை. பஞ்சவர்ணம் மாரில் கை வைத்தாள். அடி விழப்போகிறது என்று மாயழகு கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது சங்கிலிமுத்து மெல்லக் கையைத் தூக்கி, தலையில் நீட்டிக்கொண்டிருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்க் கோயில்ல எங்கய்யா காலத்துல இருந்து கேக்குறோம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு முழத் துணி. கட்ட மாட்டேன்னுட்டானுக. கேஸு இன்னும் நடக்குது. இங்க வந்த அன்னைக்கே, கறியோட சேத்துக் கட்டிட்டாங்களே பஞ்சவர்ணம்."

"எண்ணெய் வழியுதுங்க. சட்டையெல்லாம் போச்சு."

"வழியட்டும்டி. இது எண்ணெய் இல்லை, மரியாதை."

அவர் கண்ணில் நீர் வந்தது. மிளகாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் பூங்கோதை உள்ளே நுழைந்தாள். வெள்ளைக் கோட்டோடு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, அவர் தலையில என்ன?"

"மரியாதைம்மா."

"நான் சட்டியிலதானே வைக்கச் சொன்னேன்?"

"சட்டியில வச்சு எடுத்துட்டுத்தாம்மா அங்க வச்சேன்."

அவள் சங்கிலிமுத்துவிடம் போய், "மாமா, குனிங்க. எடுத்துர்றேன், இலையில வச்சு வெட்டலாம்" என்றாள்.

"எடுக்கக் கூடாதும்மா. ஒரு தடவை தலையில ஏறின மரியாதையை இறக்கினா அவமானம்."

"அப்புறம் எப்படிச் சாப்பிடறது?"

"இருக்கிற இடத்துலேயே வெட்டு."

வடமலை கத்தியோடு முன்னே வந்தான். உரிமை அவனுடையதாயிற்றே. ஆனால் கத்தி சங்கிலிமுத்துவின் காதோரமே வட்டமிட்டது.

"தாத்தா" என்றாள் பூங்கோதை. முறை அப்படி, அவளைவிடப் பத்து வயது மூத்த தாத்தா. "அவர் மண்டையில தையல் போடுற வேலை கடைசியில எனக்குத்தான் வரும். கத்தியைக் குடுங்க."

கொடுத்தான். அது வெட்டாது என்று தெரிந்ததும் அவள் கோட்டுப் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கத்தரியை எடுத்தாள். சங்கிலிமுத்துவை மணையில் உட்கார வைத்து, முடி வெட்டுகிறவர் போலப் பின்னால் நின்றுகொண்டு எலும்பு எலும்பாக நறுக்கத் தொடங்கினாள்.

"முதல் எலும்பு எதும்மா?" என்று மூன்று குரல் கேட்டது.

"எது கிட்ட இருக்கோ அது. மாமா, ஆடாதீங்க, காது போயிரும்."

அமுதவாணன் இலையில் ஒன்று விழுந்தது. கடித்தான். மென்றான். கண்ணை மூடினான்.

"புதினா வாசம் வருதே" என்றான் அமுதவாணன். "இலை ஒண்ணையும் காணோம். லேசாக் கிராம்புகூட இருக்கு. வெள்ளைக்காரன் இதுக்குப் புதினாச் சட்னி தொட்டுத்தான் சாப்பிடுவான். நீங்க உள்ளேயே இறக்கிட்டீங்க. என்ன மசாலா மாமா இது?"

"பெருசா ஒண்ணும் இல்லை மாப்ளே" என்றான் மாயழகு கூச்சத்தோடு. "தெனம் காலையில நாங்க போடுறதுதான்."

"தெனமுமா?"

"பழக்கம்தான். சித்தப்பா மட்டும் போட மாட்டார்."

"எனக்குக் கொஞ்சம் கட்டிக் குடுங்க. எங்க ஓட்டல்ல வச்சுப் பாக்கணும்."

பூங்கோதையின் கத்தரி நின்றது. அடுப்படி ஓரத்தில் நசுங்கிக் கிடந்த பேஸ்ட்டையும் பக்கத்தில் பிரஷையும் அவள் பார்த்தாள். பிறகு, இன்னொரு எலும்பை ரசித்துச் சப்பிக்கொண்டிருந்த தன் வருங்காலக் கணவனைப் பார்த்தாள். பிறகு, தலையில் கறியோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தாள். இந்த ஊரை விட்டுப் போகிறோம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். ஊரின் எல்லை தான் நினைத்ததைவிடக் கொஞ்சம் தூரம் தள்ளி இருக்கிறதோ என்று இப்போது ஒரு சந்தேகம் வந்தது.

ஆனாலும் அவன் சாப்பிட்ட அழகு நன்றாகத்தான் இருந்தது. பஞ்சவர்ணமும் இரண்டு எலும்பு தின்று, "உப்பு சரியா இருக்கு" என்றாள். சொக்கையா சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான். சங்கிலிமுத்து தன் தலையிலிருந்தே மூன்று எலும்பு வாங்கித் தின்றார். கடைசியில் எல்லோரும் கை கழுவினார்கள். சம்பந்தம் உறுதியானது.

வளையத்தில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கழற்றச் சங்கிலிமுத்து சம்மதிக்கவில்லை. தம் ஊர்க் கோயில் வாசல் வழியாக ஒரு தடவையாவது அதோடு நடந்துவிட்டுத்தான் மறு வேலை என்றார். பஸ்ஸில் ஏறினால் கூரை இடிக்கும். எனவே நடந்தே கிளம்பினார்கள். எல்லை வரை வழியனுப்ப மாயழகு கூடப் போனான்.

தெருக்கோடி தாண்டுவதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கழுத்தைத் திருப்பினால் வளையம் சரியும் என்பதால் சங்கிலிமுத்து நேரே பார்த்தபடியே கேட்டார்.

"பின்னால காலடிச் சத்தம் நெறைய கேக்குதே, யாரு சம்பந்தி?"

மாயழகு திரும்பிப் பார்த்தான். "நாயிங்க சம்பந்தி. எங்க ஊரு நாய் அத்தனையும் வருது."

சங்கிலிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

"எங்க ஊர்ல மனுஷன் ஒருத்தன் எனக்குப் பின்னால வந்ததில்லை" என்றார். "இங்க நாய்க்குக்கூட யாருக்கு மரியாதை பண்ணணும்னு தெரிஞ்சிருக்கு. டேய் அமுதா, எந்த நாய் முதல்ல வருதுன்னு நல்லாப் பாத்து வச்சுக்க. கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அதுக்குத்தான்."